நாலேகால் பேட்ச்

அஃப்ராவின் விடைத்தாளை முதன்முறை கையில் எடுக்கிற எந்த ஆசிரியரும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். ஓரத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. வட்டத்துக்குள் கேள்வி எண். கேள்வி முழுவதையும் நீல மையில் ஒரு பிழையில்லாமல் எழுதி, கீழே கறுப்பு மையில் 'விடை' என்று போட்டு, அடிக்கோடிட்டு, ஆறு வரி இடம் விட்டிருப்பாள். அந்த ஆறு வரியில் ஒன்றும் இருக்காது. அடுத்த கேள்வி அதே அழகில் தொடங்கும்.

தெரியாமல் விட்டது அதில் பாதிகூட இல்லை. ஏழாம் வகுப்பில் வயதுக் கணக்கு ஒன்றில், அப்பாவின் வயது நூற்று நாற்பது என்று விடை எழுதியிருந்தாள். கணக்கு சார் அதை வகுப்பில் படித்துக் காட்டி, "உங்க அத்தாவுக்கும் இதே வயசுதானா கண்ணு?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், சிரிப்புக்காகக் கேட்டது. அந்த வருஷம் முழுக்க அவள் பெயர் நூத்திநாப்பது. அதற்குப் பிறகு, கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். வெறும் இடத்தை யாராலும் படித்துக் காட்ட முடியாது.

சிங்காநல்லூரில், திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் அவள் அத்தா அமீர் ஹம்சா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்ப் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகிய செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பள்ளி விட்டு வந்தால் அஃப்ரா அங்கேதான் இருப்பாள். ஸ்க்ரூ கழற்றுவாள், ஒயர் முனையைச் சுரண்டிக் கொடுப்பாள். கடையில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரில் என்ன கோளாறு இருந்தது என்று வந்தவரிடம் விவரிப்பதில்லை. ரெண்டு ஒயர் மாறியிருந்தது, மாற்றிப் போட்டேன் என்று சொன்னால், "இதுக்கா பாய் ரெண்டு நாளு வெச்சிருந்தீங்க?" என்பார்கள். அதனால், "ரெடிங்க, எடுத்துக்கங்க," அவ்வளவுதான். அஃப்ராவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கை செய்துவிடும், வாய் சொல்லாது.

அவள் படித்தது வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த உதவிபெறும் பள்ளி. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் இருக்கும்: பத்தாம் வகுப்பில் தொடர்ந்து ஏழாவது ஆண்டாக நூறு சதவீதத் தேர்ச்சி. அந்த நூறு எப்படி வருகிறது என்பது பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், பத்தில் தேற மாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் வீட்டாரைத் தலைமையாசிரியர் அழைத்துப் பேசுவார். அவர்களாகவே மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு டீசி வாங்கிக்கொண்டு போவார்கள். யாரும் யாரையும் வெளியே தள்ளியதாக ஆகாது.

இரண்டு வீடு தள்ளியிருந்த நிதா அப்படித்தான் போனாள். வேறு பள்ளி பார்க்கிறோம் என்றார்கள். பார்ப்பதற்குள் ஜூலை வந்துவிட்டது. இப்போது ஒரு பேக்கரியில் பிஸ்கட் பொட்டலம் போடுகிறாள். அவளுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் பள்ளிச் சீருடையில் யாராவது தெருவில் வந்தால் கதவுக்கு உள்ளே போய்விடுவாள். அஃப்ரா அதைக் கவனித்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் கணக்கில் பதினாறு வாங்கியபோது அவளுக்கு நிதாவின் கதவுதான் ஞாபகம் வந்தது. பெரிய படிப்பு, பெரிய வேலை என்றெல்லாம் அவளுக்கு ஆசை இல்லை. பத்தாம் வகுப்பில் உட்கார வேண்டும். அவ்வளவே.

காலாண்டில் தேறாதவர்களுக்கு மாலை நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை தனி வகுப்பு. சுற்றறிக்கையில் அதற்கு 'மெல்லக் கற்போர் சிறப்புப் பயிற்சி' என்று பெயர். பிள்ளைகள் நாலேகால் பேட்ச் என்பார்கள். அதை நடத்தும் பொறுப்பு ஃபெமினா மிஸ்ஸுக்கு. சூலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆசிரியை, இருபத்து நாலு வயது. பள்ளியில் எந்தப் பொறுப்பு யாருக்கும் வேண்டாமோ அது அவரிடம் வரும்.

ரோபோ பெட்டியும் அப்படித்தான் வந்தது. அக்டோபர் மாதம் ஏதோ ஒரு கம்பெனி பத்துப் பள்ளிகளுக்கு ரோபோ செய்யும் பொருள்கள் கொடுத்தது. வாங்கிக்கொள்ளும் பள்ளி, ஜனவரியில் நடக்கும் போட்டிக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஓர் அணி அனுப்ப வேண்டும். ஃபெமினா மிஸ் முதலில் ஏ பிரிவில் நன்றாகப் படிக்கிறவர்களைத்தான் கேட்டார். மறுநாளே பெற்றோர் வந்தார்கள்.

"ஏனுங்க மிஸ், அடுத்த வருஷம் டென்த்துங்க. இப்பப் போயி வெளையாட்டுச் சாமானைக் கொடுத்தா?"

"வெளையாட்டு இல்லீங்க, புரோகிராமிங்—"

"அதெல்லாம் காலேஜ்ல படிச்சுக்குவானுங்க."

ஒருவரும் அனுப்பவில்லை. பெட்டி நாலேகால் பேட்ச் உட்காரும் அறையின் மூலையில் இருந்தது. நான்காம் நாள், மிஸ் பெட்டியைத் திறந்து மேசைமேல் கொட்டி, அங்கே இருந்த ஒன்பதாம் வகுப்பு ஆறு பேரைப் பார்த்து, "யாருக்கு இஷ்டம்?" என்றார். பிறகு, "ஒண்ணு சொல்லிர்றேன். எனக்கும் இது தெரியாது. வீடியோ பாத்துத்தான் செய்யப் போறேன்," என்றார்.

எனக்கும் தெரியாது என்று ஓர் ஆசிரியர் சொல்லி அஃப்ரா கேட்டதில்லை. கேலியோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை.

முடிவில் மூன்று பேர் நின்றார்கள். அஃப்ரா, ஷெர்வின், சுரேந்தர். ஷெர்வின் எதைப் படித்தாலும் எழுத்துகள் அவனுக்கு இடம் மாறித் தெரியும். ஆனால் லேப்டாப்பில் வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நகர்த்திப் புரோகிராம் செய்வது அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்துச் சுரேந்தர் பேசுவான். சுரேந்தர் எல்லாப் பாடத்திலும் ஃபெயில். அதைப் பற்றி அவனைத் தவிர எல்லோருக்கும் வருத்தம்.

வேலை இதுதான். இரண்டு சக்கரமும் ஒரு கையும் உள்ள சின்ன வண்டி. கட்டில் அளவு மேசைமேல் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய், அங்கங்கே கிடக்கும் எட்டு மரக்கட்டைகளைத் தள்ளி, அதது அதனதன் நிறக் கட்டத்தில் சேர்க்க வேண்டும். இரண்டரை நிமிடம். கோட்டின் ஒவ்வொரு வளைவிலும் வண்டி நின்று, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

"எங்க பெரியம்மா தெருவுல நடந்தா இப்படித்தான் மிஸ், ஒவ்வொரு ஊட்டு வாசலா எட்டிப் பாத்துட்டுப் போகும்," என்றான் சுரேந்தர். அன்றிலிருந்து வண்டிக்கு 'அம்மணி' என்று பெயர்.

முதல் ஒரு மாதம் அம்மணி செய்தது எல்லாம் மேசையிலிருந்து கீழே விழுந்ததுதான். ஏ பிரிவுப் பையன்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஸ்லோ பேட்ச்சு, ஸ்லோ ரோபோ," என்பார்கள். சுரேந்தர் கையைக் கட்டிக்கொண்டு, "வாங்கண்ணா, டிக்கெட் எடுத்துட்டு உள்ள வந்து பாருங்க," என்பான்.

அஃப்ராவின் வேலை ஒயரும் ஸ்க்ரூவும். கழன்றது எது, தளர்ந்தது எது என்று அவள் விரலுக்குத் தெரிந்தது. அதில் வியப்பு ஒன்றும் இல்லை, கடையில் வளர்ந்த பெண். ஆனால் அவளுக்கு வேறொன்று புதிதாக இருந்தது. அம்மணி தப்பாகப் போனால் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மறைக்க இடமே இல்லை. முதலில் அது அவளுக்குப் பிடிக்கவில்லை. வண்டி விழும்போதெல்லாம் தன்னைத்தான் யாரோ படித்துக் காட்டுவதுபோல் முதுகு கூசும். ஒரு மாதத்தில் பழகிப்போனது. விழுந்தால் எடுத்து வைத்தார்கள்.

இதற்கு நடுவே டிசம்பரில் அரையாண்டு வந்தது. கணக்கில் பத்தொன்பது. ரோபோ செய்து மூளை வளர்ந்துவிட்டது என்று கதை சொல்ல வேண்டுமானால் இந்தப் பத்தொன்பதை விட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் சுந்தரராஜுலு ஃபெமினா மிஸ்ஸைக் கூப்பிட்டு, போட்டி முடிந்ததும் பெட்டியை மூடிவிடச் சொன்னார்.

போட்டிக்கு முந்தின நாள் இடது சக்கரத்தின் மோட்டார் நின்றுவிட்டது. பெட்டியில் இருந்த வேறு மோட்டாரைப் பொருத்தினார்கள். ஓட்டிப் பார்த்தால் அம்மணி முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. புது மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. அதற்குள் பேட்டரியும் தீர்ந்தது. மிஸ் பேட்டரியைச் சார்ஜ் போட எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். ஷெர்வின் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். சுரேந்தர் அதற்கு முன்பே கிளம்பியிருந்தான்.

மோட்டார் திருப்பிச் சுற்றினால் என்ன செய்வது என்று அஃப்ராவுக்குத் தெரியும். இரண்டு ஒயரையும் இடம் மாற்றி முடுக்கினால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. செய்தாள். செய்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. ரெடியானால் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் காலை காந்திபுரத்தில் இறங்கித் துடியலூர் பஸ் ஏறினார்கள். துடியலூர்ப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் போட்டி. பஸ்ஸில் ஷெர்வின் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான். அஃப்ரா சன்னல் வழியே வெளியே பார்த்தபடி வந்தாள்.

முப்பத்தோரு அணிகள். சில பள்ளிகள் ஒரே நிறச் சட்டையில், முதுகில் பெயர் அச்சிட்டு வந்திருந்தன. ஒத்திகை மேசை முன்னால் பெரிய வரிசை. இவர்கள் முறை வருவதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு நடுவர்கள், ஒரு கடிகாரம். ஷெர்வின் பொத்தானை அமுக்கினான். அம்மணி நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. இடது சக்கரம் பின்னால், வலது சக்கரம் முன்னால். இரண்டரை நிமிடம் சுற்றியது. நடுவில் அதைத் தொட அனுமதி இல்லை. பக்கத்து அணிப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது. சிரித்திருந்தாலே தேவலை என்று அஃப்ராவுக்குத் தோன்றியது. நடுவர்களில் ஒருவர், "ரெண்டாவது ரவுண்டு பத்து நிமிஷத்துல. சரி பண்ணிட்டு வாங்கம்மா," என்றார்.

சுவரோரமாக உட்கார்ந்தார்கள். ஃபெமினா மிஸ் உள்ளே வரக் கூடாது என்பது விதி. கயிற்றுக்கு அப்பால் நின்றார்.

"டேய், நீ என்னடா புரோகிராம் போட்ட?" என்றான் சுரேந்தர்.

"நான் ஒண்ணும் பண்ணல."

"பின்ன அதுவா சுத்துதா? மாரியம்மன் கோயில் ராட்டினமாட்டம்?"

"மோட்டார் போச்சு," என்றான் ஷெர்வின், லேப்டாப்பை மூடியபடி.

மோட்டார் போகவில்லை என்று அஃப்ராவுக்குத் தெரியும். போன மோட்டார் சுற்றாது. நேற்று அவள் மாற்றிய ஒயர் கண்முன் நின்றது. அப்படியானால் அது சரியாகத்தானே ஓட வேண்டும்? ஒருவேளை மாற்றும்போது தானே ஏதாவது குழப்பிவிட்டோமா? சொன்னால், இவள்தான் கெடுத்தாள் என்று ஆகிவிடும். நூத்திநாப்பது என்ற பெயர் போய் இன்னொன்று வரும். எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம். ஏழு நிமிடம் போய்விட்டது. சுரேந்தர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான்.

"நேத்து நான் ஒயரை மாத்திப் போட்டேன்," என்றாள் அஃப்ரா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"மோட்டார் திருப்பிச் சுத்துச்சுல்ல. அதனால ரெண்டு ஒயரையும் மாத்தி முடுக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

ஷெர்வின் மறுபடி லேப்டாப்பைத் திறந்தான். பிறகு மெதுவாக, "நானும் மாத்துனேன்," என்றான். "புரோகிராம்ல. லெஃப்ட் மோட்டாரை ரிவர்ஸ்னு போட்டேன். பஸ்ஸுல."

ஒருத்தி கம்பியில் திருப்பியதை இன்னொருவன் புரோகிராமில் மறுபடி திருப்பியிருக்கிறான். இரண்டும் சரியான வேலை. சேர்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

"அட நாசமாப் போறவங்களா," என்றான் சுரேந்தர். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா வாயில இருக்கற முத்து உதிர்ந்துருமா? என்ற வாயைத்தான் எல்லாரும் மூடச் சொல்றாங்க."

ஷெர்வின் ஒரு கட்டத்தை அழித்தான். ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. இரண்டாவது சுற்றில் அம்மணி கோட்டைப் பிடித்து, வளைவுகளில் தலையாட்டி, மூன்று கட்டைகளைச் சேர்த்துவிட்டு, நான்காவதைத் தள்ளும்போது நேரம் முடிந்தது. முப்பத்தொன்றில் இருபத்து மூன்றாம் இடம். பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

திரும்பி வந்ததும் பெட்டியை மூட வேண்டும் என்பது உத்தரவு. ஃபெமினா மிஸ் மூடவில்லை, மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேசையில் வைத்தார். இனி அம்மணியை யார் தொட்டாலும் அதில் எழுத வேண்டும்: என்ன ஆச்சு, நான் என்ன மாற்றினேன், அப்புறம் என்ன ஆச்சு. தப்பும் அதில் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் அவரே எழுதினார்: 'போட்டிக்கு முன் ஓட்டிப் பார்க்காமல் விட்டது என் தப்பு. ஃபெமினா.'

கம்பெனியிலிருந்து ஒரு படிவமும் வந்தது. ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரே, 'மாணவரிடம் ஏற்பட்ட மாற்றம், ஐம்பது சொற்களுக்குள்' என்று ஒரு கட்டம்.

"என்ன எழுதறது அஃப்ரா? நீ மாறிட்டியா?"

"தெரியலீங்க மிஸ்."

"எனக்கும் தெரியல." மிஸ் பேனாவை மூடினார். விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர். கல்லூரியில் உதவித்தொகை கொடுத்தவர்கள் அவரைப் பற்றியும் இப்படி ஒரு கட்டத்தில் எழுதியிருந்தார்கள். 'தன்னம்பிக்கை மிளிரும் பெண்' என்று. அதைப் படித்த நாளில் அவர் பஸ் பாஸைத் தொலைத்துவிட்டுக் கண்டக்டரிடம் சொல்லப் பயந்து நடந்தே வீட்டுக்குப் போயிருந்தார். இதை அவர் சொன்னபோது அஃப்ரா சிரித்துவிட்டாள்.

"இருபத்து மூணாவது எடம்னு எழுதிருங்க மிஸ்," என்றாள். மிஸ் அப்படியே எழுதி அனுப்பினார்.

பிப்ரவரியில் ஒருநாள், மழை வந்து மின்சாரம் இல்லாமல் அம்மணியை ஓட்ட முடியாத சாயங்காலம், அஃப்ரா தன் பையிலிருந்து அரையாண்டுக் கணக்கு விடைத்தாளை எடுத்தாள். நோட்டில் எழுதுவதுபோல இதையும் எழுதிப் பார்க்கலாமே என்று சும்மாதான் தோன்றியது. போன மதிப்பெண் எண்பத்தொன்று. எது எதில் போனது? ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்து மூன்று பத்தியாகப் பிரித்தாள். கூட்டல் கழித்தல் குறி மாறியதில் பதினான்கு. உண்மையிலேயே ஒன்றும் புரியாதது பதினைந்து. மீதி ஐம்பத்திரண்டும் எழுதாமல் விட்டது.

அந்த ஐம்பத்திரண்டை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். மூளை போதாதவள் என்றுதான் தன்னை நினைத்திருந்தாள். இந்தத் தாள் அப்படிச் சொல்லவில்லை. வேறென்ன சொல்கிறது என்றும் அவளுக்குத் தெளிவாகப் புரியவில்லை. ஃபெமினா மிஸ்ஸிடம் காட்டினாள். மிஸ், "அப்ப மொதல்ல எழுது. தப்பா வந்தா வரட்டும், தப்பைச் சரி பண்ணலாம். வெறும் பக்கத்தை என்ன பண்றது?" என்றார்.

ஆண்டுத் தேர்வில் கணக்குத் தாளை அவள் முழுக்க எழுதினாள். கூடுதல் தாள்கூட வாங்கினாள். கோடு போட நேரம் கிடைக்காததால் விடைத்தாள் அசிங்கமாக இருந்தது. முப்பத்தொன்று. அதுவும் ஃபெயில்தான். தேர்ச்சிக்கு இன்னும் நான்கு வேண்டும்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் அத்தாவுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சுரேந்தரின் அம்மா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அஃப்ராவும் அவரோடு போனாள். தலைமையாசிரியர் அறையில் சுந்தரராஜுலு எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க பாய், வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"பரவால்லீங்க சார்."

"அட குடிங்க. நம்ம ஸ்கூல் போர் மோட்டாரை நீங்க கட்டிக் கொடுத்து மூணு வருஷம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவு இல்லீங்க."

"சந்தோசங்க சார்."

டீ வந்தது. கடை எப்படிப் போகிறது, சந்தில் சாக்கடை வேலை முடிந்ததா, வெயில் இந்த வருஷம் அதிகம். பத்து நிமிடம் கழித்து, டீ கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு, அதே குரலில் சொன்னார்.

"பாப்பா ரொம்ப நல்ல புள்ளைங்க. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா டென்த்தோட பாரம் அவளுக்குத் தாங்காதுங்க. இங்க ஃபெயிலாகி மனசு ஒடைஞ்சு போறதுக்கு, வேற ஸ்கூல்ல நிதானமாப் படிக்கட்டுமே. அவ நல்லதுக்குத்தானுங்க." டைப் செய்த கடிதத்தை மேசைமேல் மெல்ல நகர்த்தினார். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி வேண்டுகிறேன்.

அமீர் ஹம்சா கடிதத்தைப் படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. எழுந்து நின்று வாங்க என்று சொன்ன மனிதர், டீ வாங்கிக் கொடுத்தவர், மோட்டாரைப் பாராட்டியவர். அவர் முகத்துக்கு நேராக முடியாது என்று எப்படிச் சொல்வது? அத்தா பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவுவதை அஃப்ரா பார்த்தாள்.

"கையெழுத்து வேண்டாங்கத்தா," என்றாள்.

"பெரியவங்க பேசறப்ப—"

"சார், நான் எதுல ஃபெயிலாவேன்னு சொல்லுங்க சார்."

சுந்தரராஜுலு கண்ணாடியைக் கழற்றினார். "கணக்குல கண்ணு. அரையாண்டுல பத்தொம்பது. இப்ப முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணும் ஃபெயில்தானே?"

"ஆமாங்க சார். ஆனா இதுல வெறும் பக்கம் இல்லீங்க." விடைத்தாள்கள் பரணுக்குப் போவதற்கு முன்னால் ஃபெமினா மிஸ் நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். அதை விரித்தாள். "அரையாண்டுல அம்பத்திரண்டு மார்க்குக்கு நான் எழுதவே இல்லீங்க சார். தப்பாயிரும்னு விட்டுட்டேன். இப்ப எல்லாம் எழுதியிருக்கேன். தப்பு எங்கன்னு தெரியுது. குறி மாறுறது இங்க, இங்க, அப்புறம் இந்த எடத்துல. இதைச் சரி பண்ணுனா நாப்பது வருங்க. வடிவியல் சுத்தமாத் தெரியாது. அதை ஜூன்ல இருந்து படிக்கணும்."

அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

தலைமையாசிரியர் தாளைப் புரட்டினார். அவரும் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு கணக்கில் விரலை வைத்து, "இதுல படி எல்லாம் சரியாத்தான் வந்துருக்கு. கடைசியில ஏன் கழிச்ச?" என்றார்.

"தெரியாமக் கழிச்சுப்போட்டேங்க சார்."

"ம்."

அமீர் ஹம்சா பேனாவை எடுக்கவில்லை; பையிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"எழுதிச் சமாளிச்சிருவியா?" என்றார் தலைமையாசிரியர்.

"சொல்ல முடியாதுங்க சார். எழுதாம விட மாட்டேன்."

அவர் அத்தாவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க பாய்?"

அமீர் ஹம்சா சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். "புள்ள இங்கயே படிக்கட்டுங்க சார்," என்றார். அதைச் சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது மகளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல, "டீ நல்லா இருந்துச்சுங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

சுந்தரராஜுலு கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். "காலாண்டு பாக்கலாம். முப்பத்தஞ்சு வரலைன்னா மறுபடி பேசுவோம்."

ஜூனில் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக்கு அச்சிட்டு வந்த பெயர்ப் பட்டியலில் அஃப்ரா இல்லை. பட்டியல் ஏப்ரலிலேயே தயாராகியிருந்தது. வகுப்பாசிரியர் பேனாவால் கடைசியில், நாற்பத்தொன்றாவதாக எழுதினார். நாற்பதாவது ஷெர்வின், அவன் அம்மாவும் கையெழுத்துப் போடவில்லை. அஃப்ராவின் தாளைப் பார்த்து, அவனும் ஃபெமினா மிஸ்ஸை உட்காரவைத்துத் தன் விடைத்தாளைப் பிரித்திருந்தான். அவனுக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்பதுதான் அதில் தெரியவந்தது. அவன் அவளோடு உட்கார்ந்து கணக்கு போட்டான், அவள் அவனுக்குப் பாடத்தைப் படித்துக் காட்டினாள். காலாண்டில் அவளுக்கு முப்பத்தாறு. அரையாண்டில் முப்பத்து மூன்று. அன்று மறுபடி தலைமையாசிரியர் அறைக்குப் போய் நின்றாள். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வடிவியலை எழுதிக்கொண்டு வந்து தினமும் தன்னிடம் காட்டச் சொன்னார்.

தேர்வு முடிவு வந்த மே மாதக் காலையில் அவள் கடையில் இருந்தாள். போனில் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஐந்நூற்றுக்கு இருநூற்று முப்பத்தெட்டு. கணக்கு நாற்பத்து நான்கு. அந்த வருஷம் பள்ளியில் நூறு சதவீதம் வரவில்லை. ஷெர்வின் சமூக அறிவியலில் மூன்று மதிப்பெண்ணில் போனான், ஜூலையில் துணைத்தேர்வு எழுதித் தேறினான். வேறு பள்ளிக்குப் போன சுரேந்தர் அவளைவிட அதிகமாக, இருநூற்று எழுபது வாங்கியிருந்தான். போன் செய்து அரைமணி நேரம் அதையே சொன்னான்.

அமீர் ஹம்சா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எட்டிப் பார்த்தார்.

"இது நல்ல மார்க்காம்மா?"

"இல்லீங்கத்தா. பாஸ் மார்க்."

"பதினொண்ணு சேரப் போதுமா?"

"போதும்."

"அப்ப இன்னிக்கே போயிச் சேத்தியுட்டு வந்தர்லாம், வா," என்று சொல்லி அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.